யார் யாரைப் பார்க்க வேண்டும்? கூட்டங்களுக்கு இருக்கைகளைத் திட்டமிடும் முறை

ஒரு கூட்டத்துக்கான ஏற்பாட்டை முதன்முறையாகக் கையில் எடுப்பவர், "இந்த அரங்கில் எத்தனை நாற்காலி போடலாம்?" என்ற கேள்வியோடுதான் பெரும்பாலும் தொடங்குகிறார். தேவையான கேள்விதான் என்றாலும், அதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது: வந்து அமர்கிறவர்களில் யார் யாரைப் பார்க்க வேண்டும்? எல்லோரும் ஒருவரை மட்டும் பார்த்தால் போதுமா, ஒவ்வொருவரும் மற்ற எல்லோரையும் பார்க்க வேண்டுமா, அல்லது ஆறேழு பேர் தங்களுக்குள் பேசிக்கொண்டு அவ்வப்போது மேடையை நோக்கித் திரும்ப வேண்டுமா என்பதைத் தீர்மானித்துவிட்டால், இருக்கைகளின் வடிவம் பாதி முடிவாகிவிடும். மீதிப் பாதிக்கு அளவு நாடாவும் கொஞ்சம் கணக்கும் வேண்டும்.

மேசை நாற்காலி பற்றி இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்று தோன்றினால், 1968இன் இறுதியில் பாரிஸில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். வியட்நாம் போரை முடிப்பதற்கான விரிவான பேச்சுவார்த்தை தொடங்க வேண்டிய நேரத்தில், மேசை எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்பதிலேயே வாரக்கணக்கில் இழுபறி நீடித்தது. தென் வியட்நாம் அரசை எதிர்த்துப் போரிட்ட தேசிய விடுதலை முன்னணியைத் தனித் தரப்பாக ஏற்பதா இல்லையா என்ற அரசியல் வழக்கு முழுவதும் அந்த வடிவத்துக்குள் அடங்கியிருந்தது. 1969 ஜனவரியில், கொடிகளோ பெயர்ப் பலகைகளோ இல்லாத ஒரு வட்ட மேசையும், அதன் இரு எதிர்ப்புறங்களிலும் சற்றே விலகி நின்ற இரண்டு சிறிய செவ்வக மேசைகளும் என்று உடன்பாடு ஏற்பட்டது. நாம் நடத்துபவை சிறிய கூட்டங்கள்தான். ஆனாலும் யார் எங்கே அமர்கிறார் என்பது அங்கும் ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுகிறது.

முதல் படி: நடக்கப்போவதை ஓரிரு வாக்கியங்களில் எழுதுங்கள்

"அறுபது பேர் ஒரு நாள் முழுவதும் பயிற்சி பெறுகிறார்கள், காலையில் உரை கேட்பார்கள், பிற்பகலில் சிறு குழுக்களாக வேலை செய்வார்கள்" என்பதுபோல எழுதினால் போதும். அதை எழுதும்போதே, குறிப்பெடுக்க மேசை வேண்டுமா, திரையில் ஏதேனும் காட்டப்படுமா, உணவு அதே அறையிலா, மடிக்கணினிக்கு மின்இணைப்பு தேவைப்படுமா என்ற துணைக் கேள்விகள் தாமாக எழும். நாளின் நடுவே அமைப்பை மாற்ற வேண்டியிருக்குமா என்பதையும் இப்போதே பாருங்கள். இடைவேளையில் மாற்றிக்கொள்ளலாம் என்பது காகிதத்தில் எளிது. ஆனால் அந்த இடைவேளையில் பைகளும் தண்ணீர்க் குப்பிகளும் இருக்கைகளிலேயே கிடக்கும், பலர் அங்கேயே அமர்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். இரண்டு வேலைக்கும் ஓரளவு பொருந்தும் ஒரே அமைப்பைத் தேர்வது, பெரும்பாலும், இரண்டு சிறந்த அமைப்புகளுக்கு இடையே ஓடுவதைவிட நல்லது.

இரண்டாம் படி: அரங்கை நீங்களே அளந்து பாருங்கள்

"இருநூறு பேர் கொள்ளும்" என்று அரங்கின் உரிமையாளர் சொல்லும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் பொய் சொல்கிறார் என்பதல்ல. எந்த அமைப்பில் இருநூறு பேர் என்பதை அந்த எண் சொல்வதில்லை. பெரும்பாலும் அது மேடை, திரை, பதிவு மேசை எதுவும் இல்லாமல் நாற்காலிகளை மட்டும் வரிசையாக நிரப்பிப் பெற்ற எண்ணாக இருக்கும்.

நீள அகலத்தோடு, தூண்கள் நிற்கும் இடம், கதவுகள் எந்தப் பக்கம் திறக்கின்றன, மின்இணைப்புகள், சன்னல்கள், குளிர்சாதனக் காற்று நேராக விழும் இடம், உட்கூரையின் உயரம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். உட்கூரை உயரம் எதற்கு என்பது திரையைப் பற்றிச் சொல்லும்போது விளங்கும். நாற்காலியையும் மேசையையும் கூட அளந்துவிடுங்கள். மெத்தை வைத்த நாற்காலி 55 செ.மீ. அகலமும் சாதாரண நாற்காலி 45 செ.மீ. அகலமும் இருந்தால், பத்து நாற்காலிகள் கொண்ட ஒரு வரிசையில் முழு ஒரு மீட்டர் வேறுபாடு வந்துவிடும்.

மூன்றாம் படி: வடிவத்தைத் தேர்வு செய்யுங்கள்

இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும். ஹம்ப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர் 1957இல், மனிதர்களை ஒருவரோடொருவர் சேரவைக்கும் இட அமைப்பு, விலக்கிவைக்கும் இட அமைப்பு என்று இரு வகைகளைப் பிரித்துக் காட்டினார். எந்த அமைப்பைத் தேர்ந்தாலும் அது இந்த இரண்டில் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வருபவை எளிதில் புரியும்.

எல்லோரும் மேடையை நோக்கி வரிசையாக அமரும் திரையரங்க அமைப்பு, குறைந்த இடத்தில் அதிகம் பேரைக் கொள்ளும். உரை, விருது வழங்கல், அறிவிப்பு ஆகியவற்றுக்கு அது பொருத்தமானது. ஆனால் ஒவ்வொருவர் கண்ணுக்கும் தெரிவது முன்னால் இருப்பவரின் பிடரிதான்; கலந்துரையாடல் வேண்டும் என்று அழைத்துவிட்டு இந்த அமைப்பில் உட்காரவைத்தால் வழக்கமாகப் பேசுகிற நான்கு பேரே பேசுவார்கள். வரிசைகளை நேர்கோட்டில் போடாமல் இரு ஓரங்களையும் மேடையை நோக்கிச் சற்றே வளைத்தாலே, ஓரத்தில் இருப்பவர் கழுத்தைத் திருப்ப வேண்டியது குறையும், எதிர் ஓரத்தில் இருப்பவரின் முகமும் தெரியத் தொடங்கும்.

வகுப்பறை அமைப்பு என்பது அதே வரிசைகளுக்கு முன்னால் மேசைகளைச் சேர்ப்பது. நாள் முழுவதும் எழுத வேண்டியவர்களுக்கு இது தேவை. ஒருவருக்கு மேசையில் குறைந்தது 60 செ.மீ. அகலம் வேண்டும், மடிக்கணினியும் ஏடும் ஒன்றாக வைப்பதென்றால் 75 முதல் 90 செ.மீ. வரை வேண்டும். ஆகவே 180 செ.மீ. மேசையில் இரண்டு பேர் வசதியாக அமரலாம், மூன்று பேர் நெருக்கி அமரலாம்.

இருபது பேர் அளவிலான கூட்டத்தில் எல்லோரும் எல்லோரையும் பார்க்க வேண்டும், அதோடு திரையையும் பார்க்க வேண்டும் என்றால் 'ப' வடிவம்தான் என் முதல் தேர்வு. எழுத்தின் திறந்த பக்கத்தில் திரை இருக்கும். நடுவிலுள்ள வெற்றிடத்துக்குள் பயிற்சியாளர் நடந்து வந்து எவரிடமும் பேசலாம். இதில் புதியவர்கள் செய்யும் தவறு, அடிப்பக்கத்தை மிக அகலமாக்குவது. எட்வர்ட் ஹால் என்ற மானிடவியலாளர் 1966இல், இயல்பான அலுவல் பேச்சு நடக்கும் தொலைவு ஏறத்தாழ 1.2 மீட்டர் முதல் 3.6 மீட்டர் வரை என்று வகுத்தார். அடிப்பக்கத்தில் 180 செ.மீ. மேசைகள் இரண்டு போட்டால் எதிரெதிரே அமர்பவர்கள் கிட்டத்தட்ட அந்த எல்லைக்குள் இருப்பார்கள். மூன்று போட்டால் குரலை உயர்த்த வேண்டிவரும், பேச்சு உரையாக மாறிவிடும். இருபத்தைந்து பேருக்கு மேல் போனால் இந்த வடிவத்தைக் கைவிடுவது நல்லது.

பத்துப் பன்னிரண்டு பேர் கூடி முடிவெடுப்பதற்கு ஒரே பெரிய மேசை போதும். இத்தகைய கூட்டத்தில் யாரை எங்கே அமர்த்துவது என்பதற்கு ஓர் ஆய்வு உதவும். வட்டமாக அமர்ந்து பேசும் குழுக்களில், ஒருவர் பேசி முடித்ததும் அவருக்கு அடுத்த நாற்காலியில் இருப்பவரைவிட எதிரே இருப்பவர் பேசத் தொடங்குவதே மிகுதி என்று பெர்னார்ட் ஸ்டைன்சர் 1950இல் எழுதினார். பார்வையில் படுகிறவருக்கே பதில் சொல்லத் தோன்றுகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். எனவே தயங்கிப் பேசாமல் இருப்பவரைத் தலைவருக்கு எதிரே அமர்த்துங்கள். பிறருக்கு இடம் கொடுக்காமல் பேசுபவரைத் தலைவருக்குப் பக்கத்தில் அமர்த்துங்கள். கருத்து மோதல் முற்றியுள்ள இரண்டு பேரை நேருக்கு நேர் அமர்த்தாமல், மேசையின் ஒரே பக்கத்தில் இடையில் ஓரிருவரை விட்டு அமர்த்தினால், அவர்கள் ஒருவரையொருவர் நோக்கிப் பேசாமல் அவையை நோக்கிப் பேசுவார்கள்.

குழு வேலைக்கும் விருந்துக்கும் உரியவை வட்ட மேசைகள். 150 செ.மீ. விட்டமுள்ள மேசையின் சுற்றளவு ஏறத்தாழ 471 செ.மீ.; ஒருவருக்கு ஏறத்தாழ 60 செ.மீ. என்றால் எட்டுப் பேர் அமரலாம். 180 செ.மீ. மேசையில் ஒன்பது பேர், நெருக்கினால் பத்துப் பேர். உரையும் குழு வேலையும் மாறி மாறி வரும் நாளில், மேடைக்கு முதுகு காட்டும் நாற்காலிகளை எடுத்துவிட்டு, எட்டுக்குப் பதிலாக ஐந்து அல்லது ஆறு நாற்காலிகளைப் பிறை வடிவில் போடுவார்கள். மேலே சொன்ன "இரண்டு வேலைக்கும் பொருந்தும் ஒரே அமைப்பு" பெரும்பாலும் இதுவாகத்தான் அமையும்.

நான்காம் படி: கணக்குப் போடுங்கள்

எடுத்துக்காட்டாக, 12 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் உள்ள ஓர் அரங்கை எடுத்துக்கொள்வோம். முன்னால் திரைக்கும் பேச்சாளருக்கும் 3 மீட்டர், பின்னால் நுழைவாயிலுக்கும் பதிவு மேசைக்கும் 2 மீட்டர், இரு பக்கமும் 1.2 மீட்டர் நடைவழி என்று விட்டுவிட்டால், இருக்கைகளுக்குக் கிடைப்பது 7 மீட்டர் நீளமும் 6.6 மீட்டர் அகலமும்தான். 108 சதுர மீட்டர் அரங்கில் பாதிக்கும் குறைவான இடமே நாற்காலிகளுக்கு மிஞ்சுகிறது என்பதைக் காணும்போது புதியவர்கள் திகைப்பது இயல்பு.

திரையரங்க அமைப்பில் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் 90 செ.மீ. என்றால் 7 வரிசைகள். ஒரு நாற்காலிக்கு இடைவெளியோடு 55 செ.மீ. என்றால் வரிசைக்கு 12 பேர். ஆக 84 பேர். வகுப்பறை அமைப்பில் மேசை, நாற்காலி, பின்னால் நுழையும் இடம் எல்லாம் சேர்த்து ஒரு வரிசைக்கு 1.5 மீட்டர் தேவைப்படுவதால் 4 வரிசைகள்தான் வரும். வரிசைக்கு மூன்று மேசைகள், மேசைக்கு இரண்டு பேர் என்றால் 24 பேர், நெருக்கினால் 36 பேர். வட்ட மேசைக்கு, நாற்காலியும் பரிமாறுபவர் நடக்கும் வழியும் சேர்த்து, 3 மீட்டருக்கு 3 மீட்டர் சதுரம் வேண்டும். நாற்காலிகளுக்கு இடையே உள்ள வழியே பக்கவாட்டு நடைவழியாகவும் பயன்படும் என்று வைத்துக்கொண்டாலும் குறுக்கே மூன்று, நீளவாக்கில் இரண்டு என ஆறு மேசைகளே பொருந்தும். எட்டுப் பேர் வீதம் 48. பிறை வடிவில் ஆறு பேர் வீதம் 36.

ஒரே அரங்கு 84 பேருக்கும் 24 பேருக்கும் நிறைந்துவிடுகிறது என்பதே இந்தக் கணக்கின் பயன். முதல் படியில் எழுதிய அறுபது பேர் பயிற்சிக்கு இது போதாது. பிறை வடிவில் ஆறு பேர் வீதம் பத்து மேசைகள் வேண்டும்; 12 மீட்டர் அகலமும் 15 மீட்டர் நீளமும் உள்ள அரங்கில் குறுக்கே நான்கு, நீளவாக்கில் மூன்று எனப் பன்னிரண்டு மேசைகளுக்கு இடம் உண்டு, இரண்டு மேசைகளின் இடம் தாராளத்துக்கு மிஞ்சும். அழைப்பிதழ் அனுப்பிய பிறகு இதைக் கண்டுபிடிப்பதைவிட அரங்கை உறுதிசெய்வதற்கு முன்பே கண்டுபிடிப்பது எவ்வளவோ மேல்.

ஐந்தாம் படி: கடைசி நாற்காலியின் பார்வையைச் சோதியுங்கள்

எழுத்தும் படமும் காட்டும் திரைக்கு, கடைசி வரிசை வரையுள்ள தொலைவில் ஆறில் ஒரு பங்கு உயரம் வேண்டும் என்பது நெடுநாளாகக் கைக்கொள்ளப்படும் அளவு. கடைசி வரிசை 9.6 மீட்டரில் இருந்தால் திரைப் படத்தின் உயரம் 1.6 மீட்டர். நிறைய எண்கள் கொண்ட அட்டவணைகளைக் காட்டுவதென்றால் நான்கில் ஒரு பங்கு வேண்டும். முதல் வரிசை, திரை உயரத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு தள்ளி இருக்க வேண்டும். சமதளத் தரையில் திரையின் கீழ்விளிம்பு 1.2 மீட்டருக்குக் கீழே இருந்தால் பின்வரிசைக்குத் தலைகள் மறைக்கும். ஆகவே 1.2 மீட்டரும் 1.6 மீட்டரும் சேர்த்து 2.8 மீட்டர்; உட்கூரை அதைவிடத் தாழ்வாக இருந்தால் சிறிய திரையும் குறைந்த வரிசைகளும்தான் வழி.

திரையை நீண்ட சுவரில் வைப்பதா குறுகிய சுவரில் வைப்பதா என்பதற்குப் பொது விதி கிடையாது. நீண்ட சுவரில் வைத்தால் எல்லோரும் அருகில் இருப்பார்கள், ஆனால் ஓரங்களில் இருப்பவர்கள் சாய்வாகப் பார்க்க வேண்டும். கதவு மட்டும் திரைக்கு எதிர்ப்புறமே இருக்க வேண்டும். தாமதமாக வருபவர் பேச்சாளருக்குப் பக்கத்தில் நுழைந்தால் இருவருக்கும் சங்கடம். பேச்சாளருக்குப் பின்னால் சன்னல் இருந்தால் அவர் முகம் நிழலாகிவிடும் என்பதையும் பாருங்கள். ஒரு வரிசையின் நாற்காலிகளை அடுத்த வரிசையைவிட அரை நாற்காலி அளவு நகர்த்திப் போட்டால், பின்னால் இருப்பவருக்கு முன்னால் இருப்பவர்களின் தோள்களுக்கு நடுவே பார்வை கிடைக்கும்; செலவில்லாத இந்தத் திருத்தத்தைப் பலர் செய்வதே இல்லை.

ஆறாம் படி: வெளியேறும் வழியில் சமரசம் செய்யாதீர்கள்

1942 நவம்பர் 28 அன்று பாஸ்டன் நகரின் கோக்கனட் குரோவ் கேளிக்கை விடுதியில் தீப்பிடித்தபோது 492 பேர் இறந்தார்கள். அனுமதிக்கப்பட்டதைவிட ஏறத்தாழ இரு மடங்குக் கூட்டம் உள்ளே இருந்தது. முன்வாயிலின் சுழல்கதவு கூட்ட நெரிசலில் அடைபட்டது. வேறு சில கதவுகள் பூட்டப்பட்டிருந்தன, அல்லது உட்புறமாகத் திறந்ததால் நெருக்கத்தில் திறக்க முடியாமல் போயின. "இன்னும் இருபது நாற்காலிகள்தானே, நடைவழியில் போட்டுவிடுங்கள்" என்று யாராவது வற்புறுத்தும்போது, முடியாது என்று சொல்லும் துணிவு உங்களுக்கு வேண்டும்.

ஒரு வரிசையின் முதுகுக்கும் அடுத்த வரிசை நாற்காலியின் முன்விளிம்புக்கும் இடையே, ஆள் நுழைந்து போக, குறைந்தது 30 செ.மீ. வெற்றிடம் வேண்டும், 40 செ.மீ. இருந்தால் வசதி. இந்தக் குறைந்த அளவு இடைவெளியில், இருபுறமும் நடைவழி உள்ள ஒரு வரிசையில் 14 நாற்காலிகளுக்கு மேல் போகக் கூடாது, ஒருபுறம் மட்டும் நடைவழி என்றால் 7 நாற்காலிகளோடு நிறுத்த வேண்டும் என்று அமெரிக்கக் கட்டட விதிகள் சொல்கின்றன. வேறெங்கும் தொடக்க அளவாக வைத்துக்கொள்ள ஏற்ற கணக்கு இது. நடைவழி கதவில் போய் முடிய வேண்டுமே தவிரச் சுவரில் அல்ல. உங்கள் ஊரின் தீத்தடுப்பு விதி எத்தனை பேருக்கு எத்தனை வாயில் கேட்கிறது என்பதை அரங்கின் பொறுப்பாளரிடம் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். நாற்காலிகள் இருநூறைத் தாண்டினால், நெரிசலில் அவை உருண்டு வழியை மறிக்காதபடி மூன்று நான்காகப் பிணைத்துவிடுவது நல்லது.

ஏழாம் படி: எல்லோருக்கும் இடம் என்பதை வரைபடத்திலேயே காட்டுங்கள்

சக்கர நாற்காலியில் வருபவருக்கு 90 செ.மீ. அகலமும் 120 செ.மீ. நீளமும் உள்ள வெற்றிடம், போக 90 செ.மீ. வழி, திரும்ப 150 செ.மீ. வட்டம் ஆகியவை தேவை. இதைக் கடைசி வரிசையின் மூலையில் ஒதுக்கிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதை நான் ஏற்க மாட்டேன். முன்னும் நடுவிலும் வரிசை ஓரங்களில் இரண்டிரண்டு நாற்காலிகளை எடுத்துவிட்டு இடம் விடுங்கள். உடன் வருபவரின் நாற்காலி அதற்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், பின்னால் அல்ல. வட்ட மேசையென்றால், அவர் வந்த பிறகு எல்லோர் முன்னிலையிலும் ஒரு நாற்காலியை இழுத்து அகற்றுவதைவிட, முன்கூட்டியே அதை எடுத்து வைத்திருப்பதே மரியாதை. மேடையில் பேசப்போகிறவரும் சக்கர நாற்காலியில் வரக்கூடும் என்பதை மறந்து சாய்தளம் இல்லாத மேடையைப் போட்டுவிடுகிறார்கள்.

சைகை மொழிபெயர்ப்பாளர் இருந்தால் அவர் பேச்சாளருக்கு அருகில், வெளிச்சத்தில் நிற்க வேண்டும். காது கேளாதோருக்கான இருக்கைகள், இருவரையும் ஒரே பார்வையில் காணும்படி அமைய வேண்டும்.

எட்டாம் படி: வரைந்து, பிறகு குறைத்துப் போடுங்கள்

கட்டம் போட்ட தாளில் ஒரு சென்டிமீட்டருக்கு அரை மீட்டர் என்று வைத்துக்கொண்டு அரங்கை வரையுங்கள். மேசைகளையும் நாற்காலித் தொகுதிகளையும் அதே அளவில் அட்டையில் வெட்டி நகர்த்திப் பாருங்கள். கணினியில் வரைய மென்பொருள்கள் உண்டு. ஆனாலும் முதன்முறை செய்பவருக்கு அட்டைத் துண்டு கற்றுத்தருவது அதிகம், ஏனென்றால் பொருந்தாத மேசை கைக்கே தெரிந்துவிடும். வரைபடத்தில் கதவு, மேடை, திரை ஆகியவற்றோடு, நாற்காலியிடையே உள்ள தொலைவுகளை எண்ணாக எழுதி, அரங்கில் நாற்காலி போடுபவர்களிடம் ஒரு படி கொடுங்கள்.

பதிவு செய்தவர்கள் நூறு பேர் என்றால் நூறு நாற்காலிகளையும் போட்டுவிடாதீர்கள். நான் பொறுப்பேற்ற ஒரு கருத்தரங்கில், எதிர்பார்த்த எண்ணிக்கையில் ஏறத்தாழ பாதிப் பேரே வந்தார்கள். அவர்களும் பின்வரிசைகளில் பரவி அமர்ந்துவிட்டார்கள். பேச்சாளர் எட்டு வெற்று வரிசைகளைத் தாண்டிப் பேச வேண்டியிருந்தது, கேள்வி நேரத்தில் ஒரு கை கூட உயரவில்லை. 1943 அக்டோபரில், குண்டுவீச்சில் அழிந்த பிரிட்டன் மக்களவையை மீண்டும் கட்டுவது பற்றிப் பேசிய வின்ஸ்டன் சர்ச்சில், எல்லா உறுப்பினர்களும் அமரும் அளவுக்கு அவை பெரிதாக இருக்கக் கூடாது என்றே வாதிட்டார். அப்படிக் கட்டினால் பெரும்பாலான விவாதங்கள் வெற்று அவையில் நடக்க நேரும் என்பது அவர் கவலை. இன்றும் அங்கே 650 உறுப்பினர்களுக்கு 427 இருக்கைகளே இருக்கின்றன. எண்பது நாற்காலிகளைப் போட்டு, இருபதைச் சுவரோரம் அடுக்கி வைத்து, தேவைப்படும்போது பின்னால் சேர்க்க இருவரை நியமித்துக்கொள்ளுங்கள். பின்வரிசைகளைக் கயிறு கட்டி மறித்து, முன்வரிசைகள் நிறைந்த பிறகு திறப்பதும் பலன் தரும்.

நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் மாலையே அமைப்பு முடிந்திருக்க வேண்டும். முடிந்ததும் நான்கு மூலை நாற்காலிகளிலும், தூணுக்குப் பின்னால் உள்ள நாற்காலியிலும், கடைசி வரிசையின் நடுவிலும் அமர்ந்து திரையைப் பாருங்கள். வேறொருவரை மைக் இல்லாமலும் மைக்கோடும் பேசச் சொல்லிக் கேளுங்கள். எந்த நாற்காலியிலிருந்து தெரியவில்லையோ அதை நகர்த்தாதீர்கள், எடுத்துவிடுங்கள். விளக்கை அணைக்கச் சொல்லி, கதவுவரை ஒருமுறை நடந்தும் பாருங்கள். கூட்டம் முடிந்ததும், வரைந்தபடி அல்லாமல் உண்மையில் போட்டபடி வரைபடத்தைத் திருத்தி, தேதியும் வந்தவர்களின் எண்ணிக்கையும் எழுதி வைத்துக்கொண்டால், அதே அரங்குக்கு அடுத்த முறை வருபவர் இரண்டாம் படியின் பெரும்பகுதியைத் தாண்டிவிடலாம்.